அட்டை கடிக்காத கால்

காலை ஏழு மணிக்கு வெயிலம்மாளின் போன் சத்தம் போட்டால் அது வனிதாதான். வேறு யாருக்கும் அந்த நேரத்தில் அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

"அத்தே, இன்னைக்கு மேகம் வீட்டுக்குள்ளயே வந்துட்டு. சன்னலைத் தொறந்து வச்சுட்டு அடுப்படிக்குப் போனேன், திரும்பி வந்து பாத்தா கட்டிலைக் காணோம்! கேக்குதா அத்தே?"

"கேக்குது தாயி, கேக்குது" என்று வெயிலம்மாள் போனைப் பார்த்துத் தலையாட்டுவாள். அது பேசிப் பதிந்து அனுப்பிய குரல், நீ இங்கே சொல்வது மலைக்குக் கேட்காது என்று செல்வமாரி நூறு தடவை சொல்லியாயிற்று. கேட்டால்தானே. ஒரே பதிவை மூன்று தடவை போட்டுக் கேட்டு, மூன்று தடவையும் அதே இடத்தில் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புதான் செல்வமாரிக்கு ஆகாது. பள்ளிக்கூடத்துக்குச் சேலை மடிப்பு வைக்கிற நேரத்தில் அது காதில் விழுந்தால் ஊக்கு விரலில் ஏறும்.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் செல்வமாரி. இயற்பியலில் பி.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். அவளைப் படிக்கவைக்க வெயிலம்மாள் இருபத்திரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். மருந்தில் முக்குவதற்காகக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்குகிற வேலை அது. மகளுக்கு வேலை கிடைத்த அன்றைக்கே மகள் போட்ட உத்தரவு, "இனிமே நீ வேலைக்குப் போகக்கூடாது. உக்காந்து சாப்பிடு." ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டாள். சுவர் அகலத்துக்கு டிவி வாங்கிப் போட்டாள். வெயிலம்மாள் இரண்டையும் தினமும் துடைத்து வைத்தாள். சிரித்தாளா? அதற்கு மட்டும் மலையிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

வனிதா, வெயிலம்மாளின் அண்ணன் தங்கச்சாமியின் மகள். பெண்டாட்டி செத்ததும் தங்கச்சாமி இடைசெவலில் காட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு, ஏழு வயசுப் பிள்ளையைத் தங்கச்சி வீட்டில் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து ஒரு சீப்புக்கு இரண்டு தலை. முதலில் யார் தலை என்றால் வனிதா தலைதான். "தாயில்லாப் பிள்ளைட்டி, நீ கொஞ்சம் பொறு." செல்வமாரி பொறுத்தாள். பதினாறு வருஷமாகப் பொறுத்துக்கொண்டேதான் இருக்கிறாள்.

அந்த வனிதா பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் கோட்டை விட்டாள். மேகமலையில் ஜீப் ஓட்டுகிற சதீஷ்குமாரைக் கட்டிக்கொண்டு போனாள். அத்தோடு தொலைந்தது என்று இருந்தால், அவன் ஒரு பழைய எஸ்டேட் மரவீட்டைக் குத்தகைக்குப் பிடித்து, சீர்செய்து, சுற்றுலாக்காரர்களைத் தங்கவைக்க ஆரம்பித்துவிட்டான். சன்னலைத் திறந்தால் மேகம். வாசலில் வரையாடு. ஃபெயிலானவளுக்கு மேகம், பாஸானவளுக்குப் பதினொன்றாம் வகுப்பு 'பி' பிரிவு. எந்தக் கணக்கில் இது சேரும்?

காலாண்டு விடுமுறைக்கு எல்லோரையும் வரச்சொன்னாள் வனிதா. கிளம்புவதற்கு முந்தின நாள் செல்வமாரியைப் போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி செல்வி, ஒரு விசயம். ஓடைப் பக்கம் போகணும்னா எல்லாருக்கும் ஷூவும் நீளமான சாக்ஸும் வேணும். அட்டை கெடக்கும். அதவிட முக்கியம், நம்ம ஆளுவ மழை விழுந்ததும் செருப்பக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிடுவாவ பாத்துக்கோ. அது மட்டும் கூடாதுன்னு அத்தைகிட்டயும் மாமாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லிரு. நான் சொன்னா அத்தை சிரிச்சே மறந்துரும். நீ டீச்சர், ஒஞ் சொல்லுக்கு ஒரு பயம் இருக்கும்லா."

"ம்."

செல்வமாரி கடைவீதிக்குப் போனாள். தனக்கு ஒரு கான்வாஸ் ஷூவும் முழங்கால் வரை ஏறுகிற சாக்ஸும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் எப்படிச் சொன்னாலும் வாக்கியம் 'வனிதா சொன்னா' என்றுதான் ஆரம்பித்தது. அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் எப்படி மலரும் என்று தெரியும். 'என்னமாத்தான் நெனச்சு நெனச்சுச் சொல்லுதா எம் பிள்ளை' என்பாள். அந்தப் பிள்ளைக்குத் தான் தபால்காரியா? ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள், ஷூப் பெட்டியைப் பைக்கு அடியில் வைத்தாள். போகும்போது சொல்லிக்கொள்ளலாம்.

போகும்போது சொல்லவில்லை.

வாடகைக் காரில் நான்கு பேர். அவள், அம்மா, அப்பா கருத்தையா, மாமா தங்கச்சாமி. பின்பெட்டியில் இரண்டு டின் காராச்சேவு, கடலைமிட்டாய், கம்பு மாவு, மிளகாய் வத்தல், பருத்திவிதை, அது போதாதென்று இருபது லிட்டர் கேனில் தண்ணீர்.

"மலைக்கு எதுக்குப்பா தண்ணி?" என்றாள் செல்வமாரி. "அங்கன தண்ணிதான் இருக்கு."

"அது அவுகளுக்கு உள்ள தண்ணி" என்றார் கருத்தையா. "நமக்கு ஒத்துக்கிடணும்லா."

ராஜபாளையம், ஆண்டிபட்டி, தேனி. சின்னமனூரில் சதீஷ்குமார் ஜீப்போடு நின்றான். கொண்டை ஊசி வளைவுகளில் மாமா கண்ணை மூடிக்கொண்டார். கருத்தையா மட்டும் எட்டி எட்டிப் பார்த்து, மேலே போகப் போக முகத்தைச் சுருக்கினார்.

"என்னய்யா ஊரு இது, கண்ணைக் கொண்டுபோய் வைக்க ஒரு எடம் இல்ல. எங்க பாத்தாலும் மரம் மறைக்கு. நம்ம பக்கம்னா நாலாட்டன்புத்தூர்ல நின்னா இடைசெவல்ல எவன் மாடு மேய்க்கான்னு தெரியும்."

"மாமா, வாரவன் பூராம் இந்த மரத்தப் பாக்கத்தான் காசு குடுத்து வாரான்" என்றான் சதீஷ்குமார்.

"பாக்கட்டும். மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எவனாவது கேட்டானா?"

மரவீடு தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, விருந்தாளிகளுக்கு இரண்டு அறை, இவர்களுக்கு ஒன்று, பின்னால் புகை படிந்த அடுப்படி. வனிதா தலையில் கம்பளிக் குல்லாயோடு ஓடிவந்தாள். ஓடிவந்து அத்தையைத்தான் கட்டிக்கொண்டாள், பெற்ற அப்பனைக்கூட இல்லை. வெயிலம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரலைச் சொடுக்கினாள். பிறகு பலகைச் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"பூரா மரமாட்டி! ஏ யம்மா, இத அப்படியே எங்க ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போனா ஆறு மாசத்துக்குக் குச்சி அறுக்கலாம்."

"அத்தே, மெதுவா. வீட்டுச் சொந்தக்காரர் காதுல விழுந்துராம."

"அவரு கெடக்காரு. ஒத்தக் குச்சி ஒரசினா முடிஞ்சது ஒங்க வீடு."

இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். செல்வமாரி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வீட்டில் அம்மா இப்படிப் பேசியிருந்தால், 'ஆபீஸ் இல்லம்மா, ஃபாக்டரி' என்று திருத்தியிருப்பேன் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அப்போதே அமுக்கினாள்.

குளிர் ஏறியதும் செல்வமாரி பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். அம்மாவுக்கென்று மதுரைக்குப் போய் வாங்கியது, பாக்குக் கலர். அதற்குள் வனிதா தன்னுடைய பழைய பச்சை ஸ்வெட்டரை அத்தைக்கு மாட்டிவிட்டிருந்தாள். முழங்கையில் ஓட்டை.

"இதப் போடும்மா. புதுசு."

"இருக்கட்டும்ட்டி. புதுச எதுக்கு அடுப்படியில அழுக்காக்கிக்கிட்டு. இதுவே கணகணன்னு இருக்கு."

பாக்குக் கலர் ஸ்வெட்டர் மறுபடி பைக்குள் போயிற்று.

அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து வந்து தங்கியிருந்த புருஷன் பெண்டாட்டிக்கு வெயிலம்மாள் கம்புத் தோசையும் பூண்டுத் துவையலும் செய்து கொடுத்தாள். அவர்கள் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்கள். மூன்றாவது தடவை அந்தப் பெண் அடுப்படிக்கே வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வெயிலம்மாள் அவளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் கதைகளை எடுத்துவிட்டாள். மேஸ்திரியின் மதியத் தூக்கம், அவன் மீசையில் பசையைத் தடவியது, அவன் அன்று முழுக்க வாயைத் திறக்க முடியாமல் சைகையிலேயே திட்டியது. செல்வமாரி இந்தக் கதையைக் கேட்டதே இல்லை. இருபத்துநான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்டதில்லை. யாரோ சென்னைக்காரி, வந்து ஒரு நாள், அவளுக்குக் கிடைக்கிறது.

கை கழுவப் பின்பக்கம் போனபோது அடுப்படிப் பலகை இடுக்கு வழியாக வனிதாவின் குரல் கேட்டது.

"அத்தே, பத்து நாளு இங்கனயே இரேன். தீபாவளி வரைக்கும் ஆள் வந்துக்கிட்டே இருக்கும். என்னால ஒத்தையில அடுப்படியப் பாக்க முடியல."

"எனக்கு ஆசைதாம்ட்டி." பாத்திரம் உருட்டுகிற சத்தம். "செல்வி என்ன சொல்லுதாளோ."

"அவ என்ன சொல்லப் போறா?"

"அவ சொல்லமாட்டா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவா. அதுக்குத்தான் பயமா இருக்கு."

செல்வமாரி ஐஸ் மாதிரி இருந்த தண்ணீரில் கையை வைத்தபடியே நின்றாள். பத்து நாள். ஞாயிற்றுக்கிழமை இவர்கள் திரும்ப வேண்டும், திங்கள்கிழமை பள்ளிக்கூடம். பூட்டிய வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, தனக்கும் அப்பாவுக்கும் ஒரு ரசத்தை வைத்து, காலை ஏழு மணிக்குப் போன் சத்தமும் இல்லாமல். அம்மாவை ஒரு மலையே சேர்ந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறது. விடமுடியாது என்று நினைத்தாள். விடவே முடியாது.

சனிக்கிழமை காலை நல்ல வெயில். ஓடை வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் என்று கருத்தையாதான் கிளப்பினார். சதீஷ்குமார் கீழே ஆள் ஏற்றப் போயிருந்தான். வனிதா விருந்தாளிகளுக்குச் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஷூ போட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"ம்" என்று செல்வமாரி கத்தினாள். பொய் இல்லை. அவள் போட்டிருந்தாள்.

மற்ற மூவரும் ரப்பர் செருப்பில் இறங்கினார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. மாமா ஒரு மிளகுக்கொடியைப் பார்த்துவிட்டு, இது நம்ம காட்டில் வருமா என்று யோசித்து, வராது என்று அவரே முடிவுசெய்தார். ஓடைத் தண்ணீரை வெயிலம்மாள் அள்ளி அள்ளிப் பார்த்தாள், குடிக்கவில்லை, பார்த்தாள். அப்போதுதான் தகரக் கதவை இழுத்து மூடின மாதிரி வெளிச்சம் போயிற்று. முதல் சொட்டு கருத்தையாவின் வழுக்கையில் விழுந்தது.

கரிசல்காட்டுக்காரர்களுக்கு மழை விழுந்தால் கால்தான் முதலில் முழித்துக்கொள்ளும். நனைந்த கரிசலில் செருப்போடு நாலு எட்டு வைத்தால் ஒரு செருப்பு இரண்டு கிலோ ஆகிவிடும். பத்தாவது எட்டில் வார் அறுந்து மண்ணுக்குள் போய்விடும். அதனால் முதல் தூறலுக்கே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. தும்மல் வருகிற மாதிரி அது.

கருத்தையா குனிந்தார், கழற்றினார். மாமா கழற்றினார். வெயிலம்மாள் ஒரு கையில் செருப்பையும் மறுகையில் சேலைக் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டாள்.

செல்வமாரி வாயைத் திறந்தாள். உண்மையாகவே திறந்தாள். 'எம்மா, செருப்பப் போடு' என்று மூன்று வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வனிதாவும் கூட வந்திருந்தான்னா இந்த மழைக்கு எம்புட்டு நல்லா இருந்திருக்கும்!" என்றாள் வெயிலம்மாள், வானத்தைப் பார்த்து.

செல்வமாரி வாயை மூடிக்கொண்டாள்.

கால் மணி நேரம் இலைச்சருகில் வெறுங்காலோடு நடந்தார்கள். சந்தோஷமாக நடந்தார்கள். ஊரில் இப்படி ஒரு மழை இந்த வாரம் பெய்தால் உளுந்து தப்பித்துவிடும் என்று மாமா சொன்னார். சொல்லி முடித்தவர் நின்றார்.

"மச்சான், கால்ல என்னமோ கருவேலம்முள் தச்ச மாதிரி இருக்கு."

"முள்ளு இல்ல மச்சான்" என்றார் கருத்தையா, தன் காலைப் பார்த்து, மெல்லிய குரலில். "முள்ளுன்னா நெளியாது."

அதற்குப் பிறகு நடந்தது ஆட்டம். வயசு ஐம்பத்தாறும் அறுபதும் ஆன இரண்டு ஆண்கள், மழையில், ஒற்றைக்காலில். ஒன்றைப் பிய்த்தால் விரலில் ஒட்டிக்கொண்டது, விரலை உதறினால் மற்றவர்மேல் விழுந்தது. மாமாவுக்கு வேட்டிக்குள் ஏதோ ஏறுவதாகத் தோன்ற, வேட்டியையே அவிழ்த்து உதறினார். கோடு போட்ட அண்டர்வேரில் மேகமலையின் தேயிலைச் சரிவில் ஓடினார்.

"தங்கச்சி, திரும்பாத! அங்கிட்டே பாரு!"

வெயிலம்மாளால் திரும்பவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சிரித்துச் சிரித்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கணுக்காலில் மூன்று, கெண்டைக்காலில் ஒன்று. அதைக் குனிந்து பார்த்துக் கேட்டாள், "ஏலே, இருபத்திரெண்டு வருசம் மருந்து வாடையில ஊறின ரத்தம்லே, ஒனக்கு ருசிக்கவா செய்யுது?"

செல்வமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் பாதத்தில் ரத்தம் மழைத்தண்ணீரோடு வழிந்தது. துடைத்தால் மறுபடி வந்தது. தன் காலைப் பார்த்தாள். வெள்ளைச் சாக்ஸ், முழங்கால் வரை, பத்திரமாக.

சத்தம் கேட்டு வனிதா குடையும் உப்பு டப்பாவுமாக ஓடிவந்தாள். அத்தை முன் மண்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் மேலும் உப்பை வைக்க, அட்டைகள் சுருண்டு விழுந்தன. "ஒண்ணும் செய்யாதுத்தே, கெட்ட ரத்தம் போச்சுன்னு வச்சுக்கோ." அப்புறம் கருத்தையாவுக்கு, அப்புறம் வேட்டியில்லாமல் நின்ற தன் அப்பனுக்கு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பு டப்பாவை மட்டும் நீட்டினாள். சரியான ஆள், சரியான நேரம், கையில் சரியான டப்பா. ஊரே பார்த்து ஒரு மாலை போடாததுதான் குறை. இந்தக் காட்சியை அவளுக்கு நடத்திக்கொடுத்ததே தான்தான் என்பது செல்வமாரிக்கு அங்கே, அந்த மழையில் உறைத்தது.

கருத்தையா மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆமா, நீ மட்டும் எப்படி ஷூ போட்டிருக்க?"

வனிதா தலை நிமிர்ந்தாள். செல்வமாரியின் கண்ணைப் பார்த்தாள், சாக்ஸைப் பார்த்தாள். புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. இயற்பியலில்தான் அவள் மந்தம்.

"அது எந் தப்பு மாமா" என்றாள். "எல்லாருக்கும் சொல்லணும்னு இருந்தேன், அடியோட மறந்துட்டேன். அவ டீச்சர்லா, நாலையும் யோசிச்சு வந்திருக்கா."

வெயிலம்மாள் அவள் தலையில் கை வைத்தாள். "ஒனக்குத்தான் எம்புட்டு வேலை. விடு தாயி."

வீடு வந்து, துணி மாற்றி, நால்வரும் அடுப்படியில் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வனிதா கருப்பட்டிக் காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். கடிபட்ட இடம் அரிக்கிறது என்று கருத்தையா சொறிந்துகொண்டிருந்தார். அம்மாவின் காலில் மஞ்சள் பத்து. செல்வமாரி தம்ளரை வாங்கினாள், குடிக்க முடியவில்லை. வருத்தம் என்று யாராவது சொன்னால் அவளே மறுத்திருப்பாள். எரிச்சல். தலைவாரும் சீப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள், இப்போது நல்லவள் என்கிற பேரையும் எடுத்துக்கொண்டு போகிறாள். அதுவும் தான் செய்த தப்பை வைத்தே. அந்தக் கடனில் ஒரு தம்ளர் காப்பிகூடத் தன்னால் குடிக்க முடியாது.

"அவ பொய் சொல்லுதா" என்றாள்.

"யாருட்டி?" என்றாள் அம்மா.

"வனிதா. எங்கிட்ட வியாழக்கிழமையே சொன்னா. ஷூ வாங்கணும், மழை பெஞ்சா செருப்பக் கழட்டக்கூடாது, எல்லாம் சொன்னா. நாந்தான் ஒங்ககிட்டச் சொல்லல."

"ஏட்டி, சும்மா இருக்கமாட்டியா நீ" என்று வனிதா பல்லைக் கடித்தாள். "முடிஞ்சு போச்சுல்லா."

"ஒனக்கு முடிஞ்சிருக்கும்."

கருத்தையா சொறிவதை நிறுத்தினார். "ஏன் சொல்லல?"

"சொல்லப் பிடிக்கல." குரல் உயர்ந்துவிட்டது. வகுப்பில்கூட இப்படி உயராது. "எதுக்கெடுத்தாலும் வனிதா, வனிதா. அவ ஒரு வார்த்தை பேசினா அம்மா மூணு தடவ கேட்டுச் சிரிக்கா. நான் வீட்டுக்குள்ள வந்தா டிவி சத்தத்தைக் கொறைக்கா, அம்புட்டுத்தான். எனக்குப் பொறாமையா இருக்கு. போதுமா? பொறாமைதான்."

மாமா தங்கச்சாமி காப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அரிப்பு தாங்காமலோ என்னவோ, "பொறாமைக்கு அட்டைய விட்டு ஏவினவ எங்க வம்சத்துல இவதான் மொதல் ஆளு. அதுலயும் மொதல் ஆளு" என்றார். கருத்தையாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று இருமினார். இரண்டு பேரும் தம்ளரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார்கள். வனிதா எதையோ எடுப்பவளாட்டம் பின்னாலேயே போனாள்.

வெயிலம்மாள் அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளினாள்.

"நான் இங்கன பத்து நாளு இருக்கணும்னு நெனைச்சேன். தெரியுமா?"

"தெரியும். கேட்டேன்."

"அது அவளுக்காகன்னு நெனைக்கியாக்கும்." அவள் மகளைப் பார்க்கவில்லை, தீயைப் பார்த்தே பேசினாள். "எட்டுப் பொம்பளைவ வரிசையா உக்காந்து, வாயி ஒரு பக்கம் கை ஒரு பக்கம்னு வேலை பாத்தவ நான். நீ உக்காந்து சாப்பிடுன்னுட்ட. உக்காந்தாச்சு. ஒரு வருசமா ஒம் பெரிய டிவிய நான் பாக்கேன், அது என்னையப் பாக்கு. வாயத் தொறந்து பேசினா நீ திருத்துத. அவ போன் வந்தாத்தான் எனக்கு அன்னைக்குப் பேச்சே. இங்கன வந்தா அடுப்படி, வாரவுக போறவுக, கலகலன்னு இருக்கு. எனக்கு வேலைதாம்ட்டி வேணும்."

செல்வமாரி ஆறிப்போன தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஆனா நீ வான்னு சொன்னா வந்துருதேன். மூஞ்சியத் தூக்கக்கூடாது. வாயால சொல்லணும். நாளைக்குக் காலையில சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. கருத்தையாவும் மாமாவும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இருபது லிட்டர் கேன் காலியாகி, இப்போது ஓடைத் தண்ணீரோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வெயிலம்மாள் பச்சை ஸ்வெட்டரில் படியில் நின்றாள், அவள் பையும் கட்டித் தயாராக அவள் பக்கத்தில். ஏறவா, உள்ளே வைக்கவா என்பது இன்னும் சொல்லப்படவில்லை. கதவோரம் வனிதா.

'வா' என்பது ஓர் எழுத்து. இரவு படுத்ததிலிருந்து அதை வாயில் வைத்திருந்தாள் செல்வமாரி. சொன்னால் அம்மா ஏறிவிடுவாள். ஏறி, கோவில்பட்டிக்கு வந்து, ஃப்ரிட்ஜைத் துடைப்பாள். ஏழு மணிக்குப் போன் வரும். வனிதாவின் குரலைக் கேட்டு அம்மா சிரிப்பாள். அதைத் தடுக்க எந்த உத்தரவாலும் முடியாது. சண்டையில் தன் கையில் என்ன இருக்கிறது என்று அவள் இரவெல்லாம் தேடியிருந்தாள். மேகம் இல்லை, மரவீடு இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அம்மாவிடமிருந்து அவளாகப் பிடுங்கி வைத்துக்கொண்டது.

"எம்மா, பத்து நாளு கூடாது. அஞ்சு நாளு."

"அஞ்சு நாள்ல என்ன வந்துரும்?"

"அஞ்சு நாள்ல நீ வந்துட்டன்னா, மறுநாளே தீப்பெட்டி ஆபீசுக்குப் போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கதவோரம் நின்ற வனிதா நிமிர்ந்தாள். வெயிலம்மாள் படியிலிருந்து ஒரு எட்டு கீழே வந்தாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"டீச்சரு அம்மா கட்டை அடுக்கப் போறான்னு ஊரு பேசும்னுதான நிப்பாட்டின?"

அம்மா உட்கார்ந்து சாப்பிடத்தான் நிறுத்தினேன் என்று செல்வமாரியே ஒரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தாள். அப்பா ஜீப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றாள். "பேசினா பேசிட்டுப் போறாவ."

வெயிலம்மாள் கணக்குப் போடுகிற மாதிரி மேலே பார்த்தாள். "எட்டு நாளு."

"ஆறு."

"ஏட்டி, வெள்ளிக்கெழம பத்துப் பேரு வாராவ, அத்தைய நம்பி ஒத்துக்கிட்டேன்" என்று வனிதா குறுக்கே விழுந்தாள். "என் அத்தைய ஏலத்துலயா எடுக்க?"

"ஒன் அத்தைக்கு முன்னாடி எங்க அம்மா."

"ஏழு" என்றாள் வெயிலம்மாள். "வெள்ளிக்கெழம வார ஆளுவள அனுப்பிட்டு, ஞாயித்துக்கெழம வாரேன். அதுக்கு மேல பேச்சுக் கெடையாது."

"ஏழு. ஞாயித்துக்கெழம நானே வந்து கூட்டிட்டுப் போவேன். இவ கொண்டாந்து விட வேண்டாம்."

"சரிங்க டீச்சர்."

செல்வமாரி ஏறினாள். மூன்று நாள் குறைத்தாயிற்று. இவ்வளவு பெரிய மலையிடமிருந்து மூன்று நாள். மோசமில்லை. ஜீப் கிளம்பி வளைவில் திரும்பும்போது, அம்மா கையாட்டுவாள் என்று பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெயிலம்மாள் கையாட்டவில்லை. வனிதா தன் தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றி அத்தையின் தலையில் மாட்டி, காதை மூடி இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா குழந்தை மாதிரி கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

ஆறு என்பதிலேயே நின்றிருக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

"அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றாள் சதீஷ்குமாரிடம்.

"எதுக்கும்மா?"

அவள் பையைத் திறந்து பாக்குக் கலர் ஸ்வெட்டரை வெளியே இழுத்தாள். அது மடிப்புக் கலையாமல் இருந்தது. இறங்கிவந்த பாதையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, சாக்ஸ்கூட இல்லாத செருப்புக் காலோடு, மூச்சிரைக்கத் திரும்பி ஓட ஆரம்பித்தாள்.

"அட்டை இருக்கும், பாத்து!" என்று பின்னாலிருந்து அப்பா கத்தினார்.